நெற்றி லைட்டின் சிவப்புப் பொட்டு

கீழ் டிவிசன்,
வரக்காப்பொல.
4.5.2024

பினாங்கு மாநகரத்து மின்னணுத் தொழிற்சாலையில் செங்கோல் பிடித்து வீற்றிருக்கும் என் மருமகள் விஜயகலாவுக்கு,

உன் தாய்மாமனும், இந்த றப்பர் பாக்டரியின் தலைமை எலக்ட்ரீசியனும் (எனக்குக் கீழே வேறு எலக்ட்ரீசியன் இல்லை என்பதை அங்கே யாரிடமும் சொல்லாதே) ஆகிய அழகமுத்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். மழையும் மிகச் சுகமாக இருக்கிறது. முந்தாநாள் பெய்த பெய்யலில் களனி கங்கையே வழி கேட்டுக்கொண்டு நம் லயத்து வாசலுக்கு வந்துவிட்டது. உன் அம்மா விளக்குமாற்றால் விரட்டினாள்.

இனி முக்கியமான விஷயம். உலகம் இதுவரை கண்டிராத நெற்றி லைட்டுகள் முப்பத்திரண்டு, என் கையால் உருவாகிவிட்டன. நீ சிறுபிள்ளையாக இருந்தபோதே பார்த்திருப்பாய், விடியுமுன் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கடையில் வாங்கும் லைட் மூன்று மழைக்குத் தாங்காது. நான் அவற்றின் வெளிக் கோதை மட்டும் வைத்துக்கொண்டு குடலை உருவி எறிந்துவிட்டேன். உள்ளே ஐந்து ரூபாய்க் காசு அளவில் வட்டமாக ஒரு சர்க்கியூட் போர்டு. அதன் நடுவில் கறுப்பு எறும்பு மாதிரி உன் சிப். ஈயம் பற்றவைத்தது நான். எறும்புக்குப் புத்தி சொன்னது நீ. நீ போனில் அனுப்பும் ப்ரோகிராமைத் தாஸிம் தன் கடைக் கம்ப்யூட்டரில் இருந்து சிப்பில் ஏற்றித் தருகிறான். பழைய லெப்டொப்களைப் பிரித்து பட்டரி எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். போன் ரிப்பெயர் கடைக்காரன் என்றாலும் விஞ்ஞானத்துக்கு மரியாதை தெரிந்தவன்.

சோதனைகளைச் சொன்னால் நீ மயங்கி விழுவாய். வாளித் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க ஊறவைத்தேன்; எரிந்தது. பாக்டரி மாடியிலிருந்து போட்டேன், எரிந்தது. றப்பர் ஷீட் காய்கிற புகைக்கூடத்தில் ஆறு மணி நேரம் தொங்கவிட்டேன். வெளியே எடுத்தபோது எனக்குத்தான் இருமல், அதற்கு இல்லை. பட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க, மேசையில் என்னைப் பார்த்து நிறுத்திவைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி பத்து நிமிடம். அதுவும் கண் இமைக்கவில்லை, நானும் இமைக்கவில்லை. ஒரு தரம் சார்ஜ் போட்டால் இரண்டு விடியற்காலைக்குக் காணும்.

எச்சரிக்கைச் சிவப்பை எங்கே வைக்கப் போகிறீர்கள் மாமா என்று கேட்டாயே, பெரிய பல்புக்கு மேலே, நெற்றிக்கு நேர் நடுவில் வைத்திருக்கிறேன். ஊரே பார்க்கலாம். பெண்கள் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்து வரிசையில் வெட்டுகிற தெரேசம்மா போன வாரம் உன் அம்மாவைப் பார்த்து, “அக்கா, ஒன் பொட்டு செவந்துருச்சு, வா போவோம்” என்று கத்தினாளாம். உன் அப்பா போய்ச் சேர்ந்த இந்தப் பதினொரு வருஷத்தில் உன் அம்மா நெற்றியில் சிவப்பு ஏறியதில்லை. கை தானாக நெற்றிக்குப் போயிருக்கிறது. துடைக்கப் போனதா, தொட்டுப் பார்க்கப் போனதா என்று தெரேசம்மாவுக்குத் தெரியவில்லையாம். பிறகு, “என் தம்பி எனக்குப் பொட்டு வச்சு விட்டுட்டான்டி” என்று சிரித்திருக்கிறாள்.

ஒரே ஒரு குறை. உன் ப்ரோகிராமில் பட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் படிப்படியாக இறங்குகிறது. வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கங்காணி ரெஜினோல்ட், “என்னா அழகமுத்து, ஒன் லைட்டு தூங்கி வழியுது” என்றான். என் பரம்பரைக்கே இழுக்கு. அந்த இறக்கத்தை எடுத்துவிடு. முழு வெளிச்சம் கடைசிவரை நிற்கட்டும். பட்டரி மூன்று வோல்ட்டுக்கு வந்ததும் பொட்டு சிவக்கட்டும். அதிலிருந்து பத்து நிமிடத்தில் மொத்தமாக அணையட்டும், பட்டரியும் கெடாது. அரசன் நின்றபடியே போகவேண்டும், இருமி இருமிப் போகக்கூடாது.

உன் அம்மா, “நீயும் ஒரு தரம் தலையில போட்டுப் பாருடா” என்றாள். பட்டி எட்டவில்லை. இவ்வளவு அறிவு அடைத்த தலைக்குச் சீனாக்காரன் இன்னும் பட்டி தைக்கவில்லை.

மற்றபடி, தோட்டத்தில் ஆள் குறைந்துகொண்டே போகிறது. தெரேசம்மாவை ஏழாம் நம்பர் மலைக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. அப்படியானால் பத்தாம் நம்பர் மலையில் உன் அம்மா ஒருத்திதான். காட்டுப் பன்றிகள் அவளைப் பார்த்துப் பயந்து இடம் மாறிவிடும் என்று நான் தைரியம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு இருமல் விட்டதா? நேரத்துக்குச் சாப்பிடு. ப்ரோகிராமைச் சீக்கிரம் அனுப்பு.

ஆயிரம் யானை பலத்தோடு நீ இருக்க வாழ்த்தும்,
உன் மாமா,
அழகமுத்து


கீழ் டிவிசன்,
வரக்காப்பொல.
2.6.2024

அன்பு மருமகள் விஜயகலாவுக்கு,

மாமா எழுதுவது. எல்லோரும் சுகம்.

அம்மா போன் எடுக்கவில்லை என்று ஏழு தரம் எனக்கு அடித்திருக்கிறாய். போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. தாஸிம் அதை அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறான், முளைத்ததும் தருவானாம். அம்மா எம்பிலிப்பிட்டியவில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். பெரிய கல்யாணம். ஒன்பது நாள் நடக்கிறது. நீ கவலைப்படாதே.

இங்கே போன வாரம் காற்றில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. இப்போது வந்துவிட்டது.

நீ முதலில் எழுதினாயே, வெளிச்சம் படிப்படியாக இறங்கும் பழைய ப்ரோகிராம், அது உன்னிடம் இன்னும் இருக்கிறதா? தாஸிம் கம்ப்யூட்டரைத் துடைத்தபோது அவனிடம் இருந்தது போய்விட்டது. அவசரம் ஒன்றுமில்லை. சும்மாதான் கேட்கிறேன். இன்றைக்கே பார்த்துச் சொன்னால் நல்லது.

மாமா,
அழகமுத்து


கீழ் டிவிசன்,
வரக்காப்பொல.
7.6.2024

என் தங்க மருமகள் விஜயகலாவுக்கு,

நீ அனுப்பிய பதில் ஒரே வரி. “மாமா, அம்மா எங்கே?”

அம்மா கேகாலை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை. முதலில் இந்த இரண்டு வரியையும் இன்னொரு தரம் படி. பிறகு உட்கார்ந்துகொண்டு மற்றதைப் படி. தபாலில் போட்டால் தாமதமாகும் என்பதால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். போனில் பேசினால் நான் நடுவில் ஏதாவது கோமாளித்தனம் பண்ணித் தப்பிவிடுவேன். எழுதினால் தப்ப முடியாது.

மே இருபத்தேழாம் திகதி, திங்கட்கிழமை. தெரேசம்மாவை ஏழாம் நம்பருக்கு மாற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மத்தியானத்துக்கு முன்பே மழை கட்டிவிடுகிறது என்பதால் விடிவதற்கு முன், நாலரைக்கே வெட்டப் போகிறார்கள். கரண்ட் இல்லாததால் அம்மா லைட்டை சார்ஜ் போடவில்லை. இரண்டு விடியற்காலைக்குக் காணும் என்று நான்தான் எல்லோரிடமும் பறை சாற்றியிருந்தேன். அன்று மூன்றாவது விடியற்காலை. நீ அனுப்பிய புதிய ப்ரோகிராமை அதற்குள் எல்லா லைட்டிலும் ஏற்றியிருந்தோம்; முழு வெளிச்சம் எரிந்ததால் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

எழுபது மரம் வெட்டிவிட்டாள். எங்கேயோ ஒரு மரத்தில் பொட்டு சிவந்திருக்கிறது. பத்தாம் நம்பர் மலையில் அதைப் பார்க்க ஒரு ஆள் இல்லை. பத்து நிமிடம் கழித்து, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானைத் தாண்டும் இடத்தில் லைட் அணைந்தது. நீ எழுதிக் கொடுத்தபடி, நான் கேட்டபடி, ஒரு விநாடி பிந்தாமல்.

அம்மா எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மங்கியிருந்தா நின்னுருப்பேன்டா. அது எரிஞ்சுகிட்டேதான் இருந்துச்சு. ஒரு அடி தூக்குனேன். வைக்கிறதுக்குள்ள ஒலகமே இல்ல.”

விழும்போதே வெட்டுக் கத்தியைத் தூரத்தில் எறிந்திருக்கிறாள். அந்தப் புத்தி அவளுக்கு மட்டும்தான் வரும். தொடை எலும்பு முறிந்தது. கான் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் கிடந்தாள். விடிந்தபிறகு கள் இறக்கக் கித்துல் மரம் ஏறப் போன குணதாச, “யாரது” என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். இவள் சிங்களத்திலேயே, “நான்தான் ஜெயம்மா, மெதுவா வா, கான் இருக்கு, நீயும் விழுந்துறாத” என்று பதில் சொன்னாளாம். அவனும் இன்னும் மூன்று பேரும் சாக்கில் கம்பு கோத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பால் ஏற்றும் லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் கம்பு ஊன்றி நடப்பாள் என்கிறார் டாக்டர். மலை ஏற முடியுமா என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அட்டையில் ஏதோ எழுதினார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது நான் சொல்ல வேண்டியது.

முதல் நாள் ஆஸ்பத்திரி வாசலில், நான் தெரேசம்மாவிடம், “சிவப்பு எரிஞ்சிருக்கணுமே, இவ ஏன் பாக்கல, பத்து நிமிசம் இருக்கே” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கிற தொனியில் அக்கா மேல் குற்றம் வைத்துத்தான் கேட்டேன். தெரேசம்மா அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஏண்ணே, நம்ம பொட்டு நமக்குத் தெரியுமா?” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, ஒரு பழைய துணியைக் கிழித்துப் பட்டியோடு சேர்த்துக் கட்டி, அந்த லைட்டை முதல் தடவையாகத் தலையில் போட்டேன். பட்டரி இறங்கித்தான் இருந்தது. சுவர் தெரிந்தது, என் கை தெரிந்தது, மேசை தெரிந்தது. சிவப்பு எங்கும் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அங்கே இருந்தது, நெற்றி நடுவில், நன்றாகச் சிவந்து.

வாளித் தண்ணீர், மாடி, புகைக்கூடம் என்று எவ்வளவு பெருமையாக எழுதினேன்! எல்லாவற்றையும் எதிரே உட்கார்ந்து பார்த்தவன், ஒரு தரம் பின்னால் நின்று பார்க்கவில்லை. போட்டுப் பாருடா என்று அவள் சொன்னாள்தானே. பட்டி எட்டவில்லை என்று சிரித்துவிட்டுப் போனேன். இத்தனை நாள் அது யாருக்கும் ஒன்றும் செய்யாமல் இருந்தது, எதிர்ப் பக்கத்தில் தெரேசம்மா இருந்து கத்தியதால்தான். அவளை மாற்றப் போகிறார்கள் என்று உனக்குக் கடிதத்தில் எழுதிய அதே கைதான் அதற்குச் சற்று மேலே வெளிச்சத்தின் இறக்கத்தை எடுத்துவிடு என்றும் எழுதியது. இரண்டையும் சேர்த்து யோசிக்க அந்தப் பெரிய தலையில் இடம் இருக்கவில்லை.

உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் நீ ப்ரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடுவாய். தேடாதே, தாயி. நீ முதலில் எழுதியது சரியாக இருந்தது. ஒரு கங்காணியின் ஒரு வார்த்தைக்காக அதை அழிக்கச் சொன்னவன் நான். சிவப்பை எங்கே வைப்பீர்கள் என்றும் நீ கேட்டாய். கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் நீ கேட்டிருக்கிறாய்.

அம்மாவிடமும் இதைச் சொன்னேன். நீளமாக, அழுதுதான் சொன்னேன். “போடா, பெரிய பிரம்மா இவரு. கான்ல விழாத மனுசி தோட்டத்துல யாரு இருக்கா” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மத்தவளுக லைட்ட வாங்கிட்டியா?” என்று கேட்டாள். வலி ஊசி போட்டு நாக்கு குழறிக்கொண்டிருந்தது. அப்படியும் அதைத்தான் முதலில் கேட்டாள்.

வாங்கிவிட்டேன். பெரட்டில் எல்லோர் முன்னாலும் நின்று, இந்த லைட் நல்லதில்லை, என் பிழை, கழற்றிக் கொடுங்கள் என்றேன். எத்தனையோ தரம் அந்த இடத்தில் நின்று பெருமை அளந்திருக்கிறேன்; அன்று அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ரெஜினோல்ட்தான் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். பிரேமலதா மட்டும் கொடுக்க மாட்டேன் என்றாள். “இதக் கழட்டிட்டா நாளைக்கு எதுல வெட்டுறது, ஒங்க மூஞ்சி வெளிச்சத்துலயா?” என்றாள். அவள் கேட்டது நியாயம். கடைசியில் தெரேசம்மா போய் வாங்கிவந்தாள். முப்பத்தொன்றும் சாக்கில் என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. பெண்கள் இப்போது போனை வாயில் கடித்துக்கொண்டு வெட்டுகிறார்கள். ஒவ்வொரு விடியற்காலையும் அவர்கள் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு நல்ல செய்தி உண்டு. நாம் முதன்முதலில் மாதிரிக்காகச் செய்த லைட் ஒன்று தாஸிம் கடை மேசைக்குக் கீழே கிடந்தது. அதில் உன் பழைய ப்ரோகிராம் இருக்கிறது. அதைப் படித்து வெளியே எடுக்கத் தாஸிம் இரண்டு நாள் பாடுபட்டான். நீ பூட்டியிருக்கிறாய் போல, வரவில்லை. ஆனால் எரிகிறது. நேற்று அதைத் தலையில் கட்டிக்கொண்டு, பாதி இறங்கிய பட்டரியோடு, நாலரைக்குப் பத்தாம் நம்பர் மலைக்குப் போனேன். அம்மா வெட்டுகிற வரிசையிலேயே மரம் மரமாக நடந்தேன். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து நிமிர்ந்தேன். இருபது மரத்துக்கே என் முதுகு போய்விட்டது. அவள் முந்நூறு மரம் வெட்டுகிறவள்.

ஐந்து மணி பன்னிரண்டுக்கு வெளிச்சம் ஒரு படி இறங்கியது. கண்ணுக்கு உடனே தெரிந்தது. ஐந்து பதினெட்டுக்கு அடுத்த படி. நான் திரும்பி இறங்கத் தொடங்கினேன். அவள் விழுந்த கானுக்கு வந்தபோது பாதி வெளிச்சம் இருந்தது. கரையில் அவள் கை பிடித்து வழுக்கிய தடம் இன்னும் தெரிகிறது. அதைத் தாண்டினேன். கடைசியில் ஊதுபத்தி நெருப்பு அளவுக்குச் சுருங்கி, காலடி மட்டும் தெரிந்தது. ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோதும் அது அணையவில்லை. முதல் படியிலிருந்து இருபத்திரண்டு நிமிடம். குறித்து வைத்திருக்கிறேன். ஒரு நிமிடமும் கூட்டவில்லை. வேண்டுமானால் தாஸிமைக் கேள், அவன் ரோட்டில் நின்றான்.

ஆகையால் அந்தப் பழையதை உடனே அனுப்பு. அதில் ஒன்று மட்டும் மாற்று. கடைசியில் பட்டரியைக் காப்பாற்ற அணைக்கிற வரி இருக்குமே, அதை எடுத்துவிடு. பட்டரி சாகட்டும். செத்த பட்டரியைத் திரும்ப சார்ஜ் போடாமல் எறிந்துவிட்டு வேறு தரத் தாஸிம் இருக்கிறான். சிவப்பு ஒன்றைக் கோதின் அடிப்பக்கம் துளைத்துக் கீழே பார்க்க வைக்கிறேன். வெளிச்சம் குறையத் தொடங்கியதும் கத்தி பிடித்த கையில் சிவப்பு விழும். வெட்டுகிறவள் தன் கையைப் பார்க்காமல் இருக்க மாட்டாள். இனி எதுவானாலும் முதலில் என் தலையில், அந்த மலையில், பிறகுதான் மற்றவர்களுக்கு.

நெற்றிச் சிவப்பை எடுத்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். “அத எடுத்துறாதடா” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கீழே ஒன்று, நெற்றியில் ஒன்று, இரண்டும் இருக்கும்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். உன் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, பிள்ளை பாதியில் ஓடிவரக்கூடாது என்றாள். சத்தியத்தை மீறிவிட்டேன், அதற்கும் சேர்த்து என்னைத் திட்டு. நீ வரவேண்டாம் என்று உனக்குச் சொல்லச் சொல்லி ஒரு நாளைக்கு மூன்று தரம் சொல்கிறாள். யாரும் கேட்காமலேயே சொல்கிறாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். மற்றதை நீ யோசித்துக்கொள்.

நாளை பின்னேரம் நாலு மணிக்கு நான் கட்டில் பக்கத்தில் இருப்பேன். அப்போது அடி. போனை அவள் காதில் வைத்துவிட்டு நான் வெளியே போய் நிற்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், என் தாயே. நீ நடக்கிற பாதையில் எந்த வெளிச்சமும் உனக்குச் சொல்லாமல் அணையக்கூடாது. ப்ரோகிராமை இன்றைக்கே அனுப்பு. நாளைக்கும் நாலரைக்கு அவர்கள் ஏறிப் போவார்கள்.

உன் மாமா,
அழகமுத்து